பதினைந்தாவது வரி

அக்கா,

போன வாரம் லோகா உங்கள் பரீட்சை அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதே பழுப்பு அட்டை. மேலே துருப்பிடித்த கிளிப், ஓரமெல்லாம் பிய்ந்து, பின்பக்கம் ஏதோ ஒரு பிள்ளை பேனாவால் கிறுக்கிய பூனை. மூக்கருகே கொண்டுபோனேன். தைலமும் டீசலும் கலந்த உங்கள் வேன் வாடை இன்னும் அதில் இருக்கிறது. நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது.

"அம்மாவோட அட்டை ஆண்டி. இப்ப உங்களுக்குத்தான் தேவைப்படும்" என்றாள் லோகா. வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். ஆமாம், உங்கள் வேனை இப்போது உங்கள் மகள்தான் ஓட்டுகிறாள். உங்களைவிட வேகமாக ஓட்டுகிறாள் என்று நம் பாயான் பாருவில் பாதிப்பேர் புகார் சொல்கிறார்கள். கிளிப்புக்கு அடியில் நாலாக மடித்த ஒரு பழைய தாளும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் யாழினி இந்த வருடம் படிவம் ஒன்றுக்குப் போயிருக்கிறாள். மடியில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்க விடுவீர்களே, அந்த வாண்டுதான். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்தாள். இடைநிலைப்பள்ளிக்கு, என் தினேஷும் உங்கள் லோகாவும் படித்த அதே பள்ளி வந்தது. 'வந்தது' என்றுதான் சொல்லவேண்டும். நாம் எங்கே தேர்ந்தெடுத்தோம்? வீட்டு முகவரியைப் பார்த்து அவர்கள் ஒரு பள்ளியின் பெயரைச் சொல்வார்கள், நாம் சட்டை அளவு கொடுத்துவிட்டு வரவேண்டும். பள்ளி திறந்த வாரம் பாட அட்டவணையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள்.

"அம்மா, தமிழ் எங்க?"

திங்கள் முதல் வெள்ளி வரை விரல் வைத்துப் பார்த்தேன். இல்லை. வகுப்பாசிரியரைக் கேட்டால், கேட்பவர்கள் இல்லாததால் பல வருடமாகத் தமிழ் வகுப்பு நடக்கவில்லை என்றார். வேண்டுமென்றால் எழுதிக் கொடுங்கள் என்றார். அந்த இடத்தில் எனக்கு உங்கள் முகம் ஞாபகம் வந்தது. எழுதிக் கொடுப்பது என்றால் என்ன என்று எனக்குச் சொன்னதே நீங்கள்தானே.

ஒரு பள்ளியில் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்புக்கு வழி செய்யவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. கேட்டால். அதுவும் பதினைந்து. பதினான்கு பிள்ளைகளுக்குத் தாய்மொழி இருக்காதா? அந்தப் பதினைந்தை யார், எந்த மேசையில் உட்கார்ந்து எண்ணினார் என்று எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும். கணக்குப் பாடம் வேண்டும் என்று யாரும் வாசலில் நின்று கையெழுத்து வாங்குவதில்லை. உடற்பயிற்சி வேண்டும் என்று யாரும் மனு எழுதுவதில்லை. பிள்ளை வீட்டில் பேசுகிற மொழிக்கு மட்டும் ஆள் சேர்க்கவேண்டும்.

"கேட்டாத்தான் குடுப்பாங்க சாந்தி. கேட்டுட்டா குடுத்துருவாங்கன்னும் நினைச்சுக்காத" என்பீர்கள். இரண்டாவது பாதியைச் சொல்லும்போது சிரிப்பீர்கள். எனக்கு அந்தச் சிரிப்பு அப்போதே பிடிக்காது. இவ்வளவு எரிச்சலான விஷயத்தில் எப்படிச் சிரிக்க முடிகிறது என்று இருக்கும்.

பதினோரு வருடத்துக்கு முந்தைய அந்த ஜனவரியை நான் மறக்கவில்லை, அக்கா. லோகாவும் தினேஷும் படிவம் நான்கு. பள்ளியில் இருந்த ஒரே தமிழாசிரியை ஓய்வு பெற்றுப் போனார். வகுப்பும் அவரோடு போனது. புதிதாக ஆசிரியர் வேண்டுமென்றால் பெற்றோர் மனு வேண்டும் என்றார்கள். மற்றப் பெற்றோருக்கு அது ஒரு செய்தி. உங்களுக்கு அது வீட்டில் விழுந்த இடி. ஏனென்றால் லோகா தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகப் போகிறேன் என்று ஒன்பது வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். படிவம் ஐந்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழுக்குக் குறைந்தது சி, அந்தக் கிரெடிட் இல்லாமல் அந்தப் பயிற்சிக்கு விண்ணப்பமே போடமுடியாது.

வேனில் அவள் செய்கிற அட்டகாசம் நினைவிருக்கிறதா? பின் இருக்கையில் சின்னப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து வருகைப்பதிவு எடுப்பாள். இதே அட்டைதான் அவளுக்குப் பதிவேடு. யாராவது தூங்கிவிட்டால் பென்சிலால் தலையில் ஒன்று வைப்பாள். இறங்கும்போது அந்த வாண்டுகள் "நன்றி டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கவேண்டும். ஒருமுறை என் தினேஷும், அவளுக்குச் சம வயசுக்காரன், அசந்துபோய் நன்றி டீச்சர் என்று சொல்லிவிட்டான். அதற்காக ஒரு மாதம் அவனைக் கிண்டல் செய்தோம்.

மனுத்தாளை அட்டையில் மாட்டிக்கொண்டு நீங்கள் கிளம்பியது எனக்குப் புரிந்தது. பள்ளியில் எத்தனை இந்தியப் பிள்ளைகள், எந்தப் பிள்ளைக்கு எந்த மாடி, எவன் அம்மா காலை ஷிப்ட், எவள் வீட்டில் பாட்டிதான் அனுப்பிவைப்பார் என்பதெல்லாம் தலைமையாசிரியருக்குத் தெரியாது; வேன்காரிக்குத் தெரியும். ஒரே வாரத்தில் பதினாறு கையெழுத்து. காலையில் வாசலில் பிள்ளையை ஏற்றும்போதே அட்டையை நீட்டிவிடுவீர்களாம். நைட்டியில் நிற்கிற அம்மா, பல் துலக்கிக்கொண்டே வருகிற சித்தி, தம்பியை ஏற்றிவிட வந்த அண்ணன், யார் வாசலுக்கு வந்தார்களோ அவர்களிடம் ஒரு கையெழுத்து. வேன் வேலை அப்படித்தானே. பிள்ளையை யார் கையில் ஒப்படைக்கிறோமோ அவர்தான் பொறுப்பு.

பள்ளி அலுவலகத்தில் அந்தக் கணக்கு செல்லவில்லை. அங்கே பதிவு பார்க்கும் கிராணி, எல்லாரும் 'கக்', அதாவது அக்கா, என்று கூப்பிடும் அந்த மலாய்க்கார அம்மா, நல்லவர்தான். உங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் கணினியைத் திறந்தார். ஒவ்வொரு பிள்ளையின் பதிவிலும் காப்பாளர் என்று ஒரு பெயர் இருக்கிறது. அநேகமாக எல்லாமே அப்பா பெயர். அந்தப் பெயரும் கையெழுத்தும் ஒத்துப்போகாத ஆறு வரிகளை அவர் பென்சிலால் மெல்லக் கோடிட்டார். பதினாறு பத்தானது. வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்து கொண்டுவாருங்கள் என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்று அன்று நான் சொன்னேன். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க மேல தப்பு இல்ல லா. ரூல் அவங்க எழுதல" என்றீர்கள். நீங்கள் கோபப்படவேண்டிய இடத்தில் எல்லாம் கோபப்படாமல் இருந்துவிட்டு, அந்தக் கோபத்தையும் சேர்த்து என் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

செல்லுபடியான பத்துப் பேரிடமும் பிள்ளையை ஏற்றும்போதே புதுத் தாளில் மறுபடி வாங்கிவிட்டு, நாலு நாளில் ஆறு அப்பாக்களைத் தேடினீர்கள். ஒருவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். பாலம் தாண்டி பட்டர்வொர்த் போய், கேட்டுக்கு வெளியே மத்தியான வெயிலில் காத்திருந்து, அவர் சாப்பிட வந்த நேரத்தில் வாங்கினீர்கள். ஒருவர் பாலிக் புலாவில் டுரியான் தோட்டக் காவலுக்குப் போயிருந்தார். மலைப்பாதையில் வேன் ஏறாது என்று கீழே நிறுத்திவிட்டு நடந்தீர்கள். கை கழுவக் கூட விடாமல் கையெழுத்து வாங்கியதால் அந்த வரியில் மண் அப்பியிருந்தது. மூன்றாமவரும் நான்காமவரும் இங்கேயே தொழிற்பேட்டையில் இருந்தார்கள், ஷிப்ட் மாறும் நேரத்தில் பிடித்துவிட்டீர்கள். ஐந்தாமவர் சிங்கப்பூரில், மாதம் ஒருமுறைதான் வருவார். ஆறாமவர் எங்கே என்று அவர் மனைவிக்கே தெரியாது. பிள்ளையை விட்டுவிட்டு ஓடிப்போய் ஐந்து வருடம். ஆனாலும் கணினியில் காப்பாளர் அவர்தான். தினமும் சோறு போடுகிற அம்மாவின் கையெழுத்து செல்லாது, ஓடிப்போனவனின் கையெழுத்து செல்லும்.

ஆக, பதினான்கு. வியாழக்கிழமை சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள்.

முதல் சுற்றில் என்னிடம் வரவே இல்லை. பதினாறு பேர் கிடைத்துவிட்டதால் சாந்தியைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று நினைத்தீர்களாம். தினேஷைப் பற்றி நான் எப்படிப் பதைத்துக்கொண்டிருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கவேண்டும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் வகுப்பில் இடம் கிடைக்கவேண்டும், இன்ஜினியர் ஆகவேண்டும். தமிழில் ஏ வாங்குவது குதிரைக்கொம்பு, ஒரு பாடத்தால் மொத்தமும் கெட்டுவிடும் என்று தொழிற்சாலைக் கேண்டீனில் நாங்கள் பேசாத நாள் இல்லை. அப்படிப் பேசியவர்களில் ஒருத்திதான் நான்.

நீங்கள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கால் வீங்கியிருந்தது, அதைப் பார்த்தேன். "ஒண்ணுதான் குறையுது சாந்தி. தினேஷ் அப்பா ஒரு கையெழுத்து போட்டா போதும். தினேஷ் பரீட்சை எழுதணும்னுகூட இல்ல" என்றீர்கள். அதில் பொய் இல்லை. வகுப்பு கேட்பது வேறு, தேர்வு எழுதுவது வேறு. எனக்கும் அது தெரியும். ஆனால் வகுப்பில் பெயர் வந்துவிட்டால் பிறகு எழுதச் சொல்லி வற்புறுத்துவார்களோ, அறிவியல் வகுப்பிலிருந்து மாற்றிவிடுவார்களோ என்று ஒரு பயம். பயத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் வேறொன்றைச் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. வீட்டுக்காரர்தான் ஒத்துக்கமாட்டாரு."

என் வீட்டுக்காரர் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து பந்து விளையாட்டு பார்த்துக்கொண்டிருந்தார். தொலைக்காட்சிச் சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கும். அவரைக் கூப்பிட்டுக் கேட்கிறேன் என்று நான் சொல்லவில்லை. நீங்களும் கூப்பிடச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்தீர்கள். "சரி லா, பரவால்ல. பசியாற வாங்கி வச்சிருக்கேன், லோகா காத்திருப்பா" என்று ஏதோ சொல்லிவிட்டு இறங்கினீர்கள். நமக்குப் பசியாறுவது என்றால் காலை உணவு, அப்போது சாயங்காலம் மணி ஆறு. நீங்கள் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசினீர்கள் என்பது கதவைச் சாத்திய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் கக் எண்ணிப்பார்த்து, "குராங் சத்து" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒன்று குறைகிறது. அவ்வளவுதான் வகுப்பின் கதை.

நீங்கள் அதோடு விட்டீர்களா? ஜார்ஜ் டவுனில் தமிழ் வகுப்பு நடக்கிற பள்ளிக்கு லோகாவை மாற்றக் கேட்டு எழுதினீர்கள். இடமில்லை என்று பதில் வந்தது. வீடு இருக்கும் வட்டாரத்தில் பள்ளி இருக்கும்போது வேறு பள்ளி எதற்கு என்றும் கேட்டார்களாம். இந்தப் பள்ளியில் பாடம் இல்லை, பாடம் இருக்கும் பள்ளியில் இடமில்லை. இரண்டு பதிலையும் ஒரே இலாகா கொடுக்கிறது, இரண்டுமே விதிப்படி சரி. இதை யாரிடம் போய் முறையிடுவது?

லோகா தனியாகப் படித்தாள். கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்று ஆரம்பித்தார்கள், நாலு மாதத்தில் நின்றுபோனது. பிறகு யாரோ கொடுத்த பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு வேன் பின் இருக்கையில் படிப்பாள். நீங்கள் பிள்ளைகளை இறக்கிவிட்டு வரும்வரை பார்க்கிங்கில் உட்கார்ந்து இலக்கணம் எழுதிக்கொண்டிருப்பாள். பார்த்துக்கொண்டே பக்கத்தில் நிறுத்திய என் காடியை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போவேன். முடிவு வந்தது: டி. மறுவருடம் திரும்ப எழுதினாள். திரும்பவும் டி. அதற்குமேல் நீங்கள் எழுதச் சொல்லவில்லை. தொழிற்பேட்டையில் ஆபரேட்டர் வேலைக்குப் போனாள், என் லைனுக்கு இரண்டு லைன் தள்ளி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீலத் தொப்பி போட்டு நிற்கிற அவளைப் பார்க்காமல் இருக்க நான் வேறு வழியாகக் கேண்டீனுக்குப் போவேன். கோழை வேலைதான்.

என் மகனுக்கு எல்லாம் ஏ. மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று எழுதிக்கேட்டோம், அதற்கும் பதில் கிடைக்கவில்லை. அன்றைக்கு நீங்கள்தான் டுரியான் நாலு பழம் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். "வேற ரோடு இருக்கும் லா, யூ-டர்ன் போட்டுக்கலாம்" என்றீர்கள். அவன் வேறு படிப்பு படித்து, இப்போது கூலிம் நகரில் நல்ல வேலையில் இருக்கிறான். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அக்கா என்னைத் தின்கிறது. மறுத்ததால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நீங்கள் ஒருநாளாவது திட்டியிருக்கலாம். மறுநாள் காலையிலும் அதே ஆறரைக்கு ஹாரன் அடித்தீர்கள். தினேஷை அதே முன் இருக்கையில் உட்காரவைத்தீர்கள். ஒரு மாதம் நான் மாடியிலிருந்தே கையசைத்தேன், கீழே இறங்கவில்லை. பிறகு நீங்கள்தான் மேலே வந்து, யாழினிக்குக் காய்ச்சலாமே என்று கேட்டு உள்ளே உட்கார்ந்தீர்கள். உங்கள் கடைசிப் பதினோரு நாளும் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ஒவ்வொரு நாளும் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டு வருவேன். நீங்கள் பேச்செடுக்கவே விடமாட்டீர்கள். வேனுக்கு டயர் மாற்றவேண்டும், லோகா சாப்பிட்டாளா, இதுதான் பேச்சு.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் மனு எழுதினேன். ஊரே சிரிக்கலாம், நீங்கள் முதலில் சிரிக்கலாம். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறேன் என்று எனக்கே தெரியும்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டேன். கட்டைவிரல் மழை பொழிந்தது. 'நல்ல முயற்சி சகோதரி', 'தமிழ் வாழ்க', கைகூப்பும் படம், தேசியக்கொடி, என்னவெல்லாமோ. தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனால் கட்டைவிரல் காட்டியவர்களில் பாதிப்பேர் வீட்டில் இல்லை. முதுகில் 'தமிழ் எங்கள் உயிர்' என்று அச்சடித்த சட்டை போட்டிருந்த ஒருவர், யோசித்துச் சொல்கிறேன் என்றார். மேடையில் ஏறினால் இறங்காத இன்னொருவர் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றி ஒரு மாதமாகிறதாம். வாழ்த்து மட்டும் சொன்னார். அவர்களை எல்லாம் நான்கு வார்த்தை கேட்கவேண்டும் என்று வாய்வரை வந்தது. எந்த முகத்தோடு கேட்பது?

ஒன்றில் மட்டும் நான் ஏமாறவில்லை. முதலில் கக்கிடம் போனேன். அதே கக், தலை நரைத்து, கண்ணாடி போட்டு, அதே மேசை. காப்பாளர் பெயர்களை முதலில் காட்டுங்கள் என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முன்பு வேன் ஓட்டுகிற ஒரு அக்கா வருவாரே, அவருக்குத் தெரிந்தவரா என்று கேட்டார். நீங்கள் இறந்துபோனதைச் சொன்னேன். அவர் என்னையும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு பட்டியலைத் திருப்பிக் காட்டி, இந்த வெள்ளிக்குள் கொண்டுவரச் சொன்னார். பதினைந்து கையெழுத்து வந்தாலும் ஆசிரியர் எப்போது வருவார் என்று தன்னால் சொல்லமுடியாது என்பதையும் சொல்லிவிட்டார். கேட்டுவிட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று நினைக்காதே, அதுதானே.

லோகா தினமும் ஒரு அப்பாவின் ஷிப்ட்டைக் கண்டுபிடித்துச் சொன்னாள். நான் போய் நின்றேன். நேற்று முன்தினத்தோடு பதினான்கு. திரும்பவும் பதினான்கு, அக்கா! யாரோ வேண்டுமென்றே விளையாடுகிறார்கள் என்று தோன்றியது.

மிச்சம் இருந்தது மாலா. எங்கள் பிளாட்டில் மூன்றாம் மாடி, மகன் படிவம் நான்கு, கெட்டிக்காரப் பையன். இரும்புக் கதவைத் திறக்காமலே பேசினாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. வீட்டுக்காரர்தான் ஒத்துக்கமாட்டாரு."

எழுத்து மாறாமல் அதே வாக்கியம். உள்ளே தொலைக்காட்சிகூட ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது, ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "மாலா, நானும் ஒருத்தங்ககிட்ட இதையேதான் சொன்னேன். என் வீட்டுக்காரர்கிட்ட நான் கேட்கவே இல்ல."

அவள் முகம் சிவந்தது. கதவுக்குக் கிட்டே வந்து, "உங்க மகனுக்கு என்ன ஆச்சுக்கா?" என்றாள். நியாயமான கேள்வி. நல்லா இருக்கான் என்றேன். "அப்புறம் என்ன?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது, அந்தப் பதில் தினமும் காலையில் அவள் மகனையும் என் மகளையும் ஏற்றிக்கொண்டு போகிறது. "வேன் ஓட்டுற லோகா என்னவாகணும்னு ஆசைப்பட்டான்னு அவகிட்டயே கேளு" என்று சொல்லி, ஒரு தனித்தாளைக் கம்பி வழியாக உள்ளே கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன். வாங்கிக்கொண்டாள். கையெழுத்தோடு வருமா என்று தெரியாது.

இறங்கும் வழியில் லோகா வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் நின்றேன். என்ன சொல்ல வந்தேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர்க் குழாயை மூடாமலே சொன்னாள்: "அம்மா உங்கள ஒருநாளும் குறை சொன்னதில்ல ஆண்டி. நான்தான் சொன்னேன்." பிறகு ஜன்னலைத் துடைக்கப் போய்விட்டாள். எனக்கு அது தேவையாக இருந்தது. இத்தனை வருடத்தில் ஒருவராவது சொன்னார்கள்.

இன்று மத்தியானம்தான் அந்த மடித்த தாளைப் பிரித்தேன். கக் திருப்பிக் கொடுத்த அதே மனு. பாலிக் புலாவ் மண் இன்னும் ஒரு வரியில் பழுப்பாக ஒட்டியிருக்கிறது. பதினான்கு பெயர்கள் பேனாவில். பதினைந்தாவது வரியில் பென்சிலால், உங்கள் கோழிக்கிறுக்கல் எழுத்தில், என் மகன் பெயர், அவன் வகுப்பு, காப்பாளர் என்ற இடத்தில் என் வீட்டுக்காரர் பெயர். கையெழுத்துக்கு மட்டும் இடம் காலி. என் வாசலுக்கு வருவதற்கு முன்பே எழுதிவைத்திருக்கிறீர்கள். நான் இல்லையென்று சொல்வேன் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை. நான் மறுத்த பிறகும் அதை அழிக்கவில்லை.

காலை ஷிப்ட் முடிந்து வந்து என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டுப் பக்கத்தில் அட்டையை வைத்து, இதில் ஒரு கையெழுத்து போடுங்கள் என்றேன்.

"அன்னைக்கே யாழினிக்குப் போட்டேனே?"

"இது வேற."

"எங்க போடணும்?" என்றார். இடது கையால் பேனாவை வாங்க வந்தவர், அது சரியில்லை என்று எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தார். பதினைந்தாவது வரியைக் காட்டினேன். போட்டார். பிறகுதான் தாளைப் பார்த்து, "பழசா இருக்கே, செல்லுமா?" என்றார். செல்லாது என்றேன். சரி என்று மறுபடி சாப்பிட உட்கார்ந்தார். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அவர் எப்போதும் இப்படித்தான், நீட்டிய தாளில் கையெழுத்துப் போடுவார். அன்று நீங்கள் செருப்போடு வாசலில் நிற்கும்போது நான் திரும்பி ஒரு குரல் கொடுத்திருந்தாலும் இப்படித்தான் போட்டிருப்பார்.

நாளை வெள்ளிக்கிழமை. மேலே பதினான்கு கையெழுத்துள்ள புதுத் தாள், அடியில் பதினைந்தும் நிறைந்த பழைய தாள். இரண்டையும் உங்கள் கிளிப்பில் மாட்டிப் பைக்குள் வைத்துவிட்டேன். ஆறரைக்கு லோகா ஹாரன் அடிப்பாள். மாலா இறங்கி வருகிறாளா என்று பார்க்க, நான் ஆறு மணிக்கே கீழே போய் நிற்பேன்.

சாந்தி